ஒன்பது மீட்டரின் விலையை யார் கொடுப்பது?

மதுரையில் இடம் பார்க்க வருகிறவரிடம் தரகர் முதலில் சொல்வது, மீனாட்சியம்மன் கோயில் அங்கிருந்து எத்தனை நிமிட நடை என்பதைத்தான். கோயிலை நெருங்க நெருங்க சென்ட்டின் விலை ஏறிக்கொண்டே போகும். ஆனால், கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டிடம் 9 மீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது என்கிறது 1997-ஆம் ஆண்டின் அரசாணை. ஊரிலேயே விலை கூடிய மண்ணில் ஊரிலேயே தாழ்வான கூரைதான் போடலாம். முப்பது ஆண்டுகளை நெருங்கும் ஒரு சண்டையின் வேர் இதில் இருக்கிறது.

ஒரு தரப்பு, இந்த வரம்பு மதுரையைப் பெரிய கிராமமாகவே வைத்திருக்கிறது என்கிறது. சென்னை வளர்கிறது, கோவை வளர்கிறது, மதுரைக்கு மட்டும் ஏன் இந்தத் தலையெழுத்து என்று கேட்கிறது. இன்னொரு தரப்பு, கோபுரத்தை மிஞ்சி எதுவும் எழக் கூடாது என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறது. முதல் தரப்பு கணக்குப் பார்க்காமல் பேசுகிறது. இரண்டாம் தரப்பு, வரம்பைச் சுமப்பவர்களைப் பார்க்காமல் பேசுகிறது. வரம்பு இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. அதற்கான விலையை ஒரு சில மனைக்காரர்கள் தலையில் மட்டும் கட்டிவிட்டு ஊர் முழுவதும் கோபுரம் பார்த்துக்கொண்டிருப்பது நியாயமில்லை என்பதும் அதே கட்சிதான்.

எதைக் காக்கிறது இந்த வரம்பு?

தெற்குக் கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 170 அடி, அதாவது 52 மீட்டர். ஒன்பது மீட்டர் கட்டிடம் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியானால் 15 மீட்டர், 18 மீட்டர் விட்டால் என்ன குறைந்துவிடும் என்ற கேள்வி இயல்பானது.

பழைய நகரின் தெருவில் நின்று பார்த்தால் பதில் கிடைக்காது. கோயில் வாசலுக்கு நேராக ஓடும் தெருக்களைத் தவிர மற்ற சந்துகளில் நிற்பவருக்கு இரண்டு மாடிக் கட்டிடமே கோபுரத்தை மறைத்துவிடும். பார்க்க வேண்டிய இடம் வேறு. 1889-இல் திறக்கப்பட்ட ஏ.வி. மேம்பாலத்தில் வைகையைக் கடக்கும் பேருந்தில் உட்கார்ந்து பாருங்கள். ஜன்னலோரப் பயணி ஒருவராவது தெற்கே திரும்பி நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். பாலத்துக்கும் கோபுரத்துக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்கும் கூடுதலான தூரம். அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கும்போது, தென்கரையில் முந்நூறு மீட்டர் தள்ளி நான்கைந்து மாடிக் கட்டிடம் ஒன்று குறுக்கே நின்றாலே போதும், 52 மீட்டர் கோபுரம் அதன் முதுகுக்குப் பின்னால் போய்விடும். தூரத்தில் இருக்கும் மலையைக் கண்ணருகே பிடித்த கட்டைவிரல் மறைக்கிற அதே கணக்கு.

ஆக, இந்த விதி காப்பது தெருவின் அழகை அல்ல, ஊரின் உருவத்தை. பாலத்திலிருந்தும், ரயில் ஊருக்குள் நுழையும்போதும், திருப்பரங்குன்றத்தின் மேலிருந்தும், ஆயிரக்கணக்கான மொட்டை மாடிகளிலிருந்தும் தெரிகிற உருவம் அது. கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று ஒன்றையொன்று சுற்றி விரியும் வீதிகள் கொண்ட ஊர் மதுரை. வீதிக்கு மாதத்தின் பெயர். மாதத்துக்கு ஒரு திருவிழா. இந்த அமைப்பில் கோபுரம் என்பது வழிபாட்டுச் சின்னம் மட்டுமல்ல, திசைகாட்டியும்கூட. புதிதாக வந்தவர் வழி கேட்டால் இன்றும் கோபுரத்தை வைத்துத்தான் சொல்கிறோம்.

இங்கே ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் போல மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடையும், அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்திலேயே இருக்கின்றன. மீனாட்சியம்மன் கோயில் இருப்பது இந்து சமய அறநிலையத் துறையிடம். அந்த மத்தியச் சட்டத்தின் குடை இதற்கு இல்லை. எனவே, இந்த அரசாணை தளர்ந்தால், கோபுரத்தின் பார்வையைக் காக்க அதே வலுவுள்ள இன்னொரு வேலி கிடையாது.

வளர்ச்சியைத் தடுக்கிறதா?

ஒரு கிலோமீட்டர் வட்டத்தைக் கோயில் மதிலிலிருந்து அளந்தாலும் அதன் பரப்பு சுமார் 4 சதுர கிலோமீட்டர்தான் வரும். 2011-இல் எல்லை விரிந்த பிறகு மதுரை மாநகராட்சியின் பரப்பு 148 சதுர கிலோமீட்டர். நூற்றுக்கு மூன்று பங்குக்குள் அடங்கிவிடுகிற இடத்தின் விதி, மீதி தொண்ணூற்றேழு பங்கின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பது எந்தக் கணக்கு? புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-இல் திறக்கப்பட்டது. இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல் பரப்புள்ள அந்தக் கட்டிடத்தை எந்த அரசாணையும் தடுக்கவில்லை. அதே சாலையில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பறக்கும் பாலமும் வந்துவிட்டது. மாட்டுத்தாவணி, ஒத்தக்கடை, திருமங்கலம் சாலை, சுற்றுச்சாலை எங்கும் வானம் திறந்துதான் கிடக்கிறது. அங்கெல்லாம் உயரமாகக் கட்டாமல் இருப்பதற்குக் காரணம் வேலைவாய்ப்பும் குடிநீரும் சாலையும்தான், கோபுரமல்ல.

வட்டத்துக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழகத்தில் சாதாரணக் கட்டிடங்களுக்கான தளப்பரப்புக் குறியீடு, கட்டுமானத் துறையினர் எஃப்எஸ்ஐ என்று சொல்வது, 2018-இல் 1.5-இலிருந்து 2 ஆனது. மனையைப் போல இரண்டு மடங்கு பரப்பு கட்டலாம் என்று பொருள். ஒருவரிடம் இரண்டு சென்ட் மனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 870 சதுர அடி. அவர் மொத்தம் 1,740 சதுர அடி கட்டலாம். மனையில் மூன்றில் இரண்டு பங்கை அடைத்து, தரைத்தளமும் அதற்கு மேல் இரண்டு மாடியும் எழுப்பினால் அந்த உரிமை முழுவதும் தீர்ந்துவிடும். மாடிக்கு மூன்று மீட்டர் என்றால் மூன்று தளமும் ஒன்பது மீட்டருக்குள் அடங்கும். அதாவது, வீடு கட்டுகிற சிறு மனைக்காரரிடமிருந்து உயர வரம்பு பறிப்பது மிகக் குறைவு.

பறிகொடுப்பவர்கள் வேறு சிலர். கடைக்குக் கூரை உயரம் கூடுதலாக வேண்டும். ஒன்பது மீட்டரில் இரண்டு தளம்தான் தேறும். மேலே சொன்ன அதே மனையில் முக்கால் பங்கை அடைத்து இரண்டு தளக் கடை கட்டினால் சுமார் 1,300 சதுர அடி. மீதி 430 சதுர அடிக்கு மேல் கையில் உரிமை இருந்தும் கட்ட முடியாது. மாசி வீதிகளிலும் வெளி வீதிகளிலும் டவுன்ஹால் சாலையிலும் அகலமான முகப்போடு பெரிய மனை வைத்திருக்கும் லாட்ஜ்காரர்களுக்கும் ஜவுளிக் கடைக்காரர்களுக்கும் இழப்பு இன்னும் கூடும். வட்டத்துக்கு வெளியே 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டிட விதிகள் 18.30 மீட்டர் வரையுள்ள கட்டிடத்தை அடுக்குமாடி வகையில்கூடச் சேர்ப்பதில்லை. அதில் பாதியில் நிற்கச் சொல்கிறோம் இவர்களை.

இழப்பு இருக்கிறது. ஆனால், அது மேடையில் சொல்லப்படும் அளவுக்குப் பெரியதல்ல. முக்கியமாக, அது அளக்கக்கூடிய இழப்பு. அளக்க முடிந்ததைக் கொடுத்துத் தீர்க்கவும் முடியும்.

மீறலுக்குக் கிடைத்த பரிசு

இத்தனை ஆண்டுகளில் யாரும் அதை அளக்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. நடந்தது வேறு. மாசி வீதியில் எந்த மொட்டை மாடியிலும் ஏறி நின்று எண்ணிப் பாருங்கள். மூன்று தளத்துக்கு மேல் தகர ஷீட் போட்ட ‘தற்காலிக’ நான்காம் தளம். அது சுவர் பெற்று அறையாகி, மேலே தண்ணீர்த் தொட்டிக்கென்று இன்னொரு தளம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு இது தொடர்பான வழக்குகள் திரும்பத் திரும்பப் போயிருக்கின்றன. நோட்டீஸ் வரும், சீல் வைக்கப்படும், தடையாணை வாங்கப்படும், வாய்தா நீளும். அதற்குள் கட்டிடம் பழையதாகிவிடும்.

மாநில அளவிலும் பாடம் இதேதான். விதி மீறிய கட்டிடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்றுக்கொள்ள நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998-இல் ஒரு பிரிவும் 2012-இல் இன்னொரு பிரிவும் சேர்க்கப்பட்டன. ஒரே ஒரு தடவை மன்னிப்பு என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்டது. இரண்டாவது முறையும் வந்த ‘ஒரே தடவை’யிலிருந்து கட்டுபவர்கள் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: முதலில் கட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதில் ஏமாந்தவர் யார்? வரைபடத்தில் உள்ளபடி ஒன்பது மீட்டரில் கம்பியை வெட்டி நிறுத்தியவர். பக்கத்துக் கடைக்காரர் நான்காவது மாடியில் வாடகை எண்ணும்போது, சட்டத்தை மதித்தவர் தன் மொட்டை மாடியில் நின்று கோபுரத்தையும் காண முடியாமல், காசையும் காணாமல் நிற்கிறார். வரம்பை மதிப்பவருக்கு நட்டமும் மீறுபவருக்கு லாபமும் என்றால், அந்த வரம்பு தாளில் மட்டும்தான் வாழும்.

தெருதான் அளவுகோல்

உயரம் பற்றிய பேச்சில் நாம் வசதியாக மறந்துவிடுவது தெருவை. 2020 தீபாவளியன்று விளக்குத்தூண் அருகே நவபத்கானா தெருவில் பழைய கட்டிடத்தில் இயங்கிய ஜவுளிக் கடை ஒன்று தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இருவர் கட்டிடம் இடிந்து விழுந்து உயிரிழந்தார்கள். 2024 செப்டம்பரில் பெரியார் பேருந்து நிலையம் அருகே கட்ராபாளையம் தெருவில் பெண்கள் விடுதி ஒன்றில் தீப்பிடித்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். பழுதான கட்டிடம் என்று மாநகராட்சி முன்பே நோட்டீஸ் கொடுத்திருந்ததாகச் செய்திகள் வந்தன.

இரண்டுமே விண்ணை முட்டும் கட்டிடங்கள் அல்ல. பழைய நகரில் உயிரைக் குடித்தவை நெருக்கமும் முதுமையும் கவனிப்பின்மையும். தீயணைப்பு வண்டி திரும்ப இடமில்லாத தெருவில் இன்னும் மூன்று மாடி ஏற்றினால், ஆபத்தில் மாட்டும் தலைகளின் எண்ணிக்கைதான் கூடும். பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் அப்படித்தான். வைகையையும் முல்லைப் பெரியாற்று நீரையும் நம்பியிருக்கும் ஊர் இது. பழைய வீதிகளில் தண்ணீர் லாரிக்கும் கழிவுநீர் லாரிக்கும் ஒரே சந்துதான்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1910-இல் இயற்றப்பட்ட சட்டம் கட்டிட உயரத்தைத் தெருவின் அகலத்தோடு முடிச்சுப் போட்டது. எதிரே உள்ள தெரு எவ்வளவு அகலமோ, அதனோடு இருபது அடி கூட்டிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அதற்குமேல் ஓர் உச்ச வரம்பும் உண்டு. ஆசைக்கு அளவில்லை, தெருவுக்கு உண்டு என்ற எளிய அறிவு அது. அந்த அளவுகோலை மதுரையின் சந்துகளில் வைத்துப் பார்த்தால், ஒன்பது மீட்டர் என்பது கோபுரத்துக்குச் செய்த சலுகையாகத் தெரியாது. தெரு தாங்கும் சுமையாகத் தெரியும்.

கியோட்டோ சொல்லும் சேதி

நம்மைப் போலவே கோயில்களால் பெயர்பெற்ற ஊர் ஜப்பானின் கியோட்டோ. 2007-இல் அந்த நகரம் துணிந்து ஒரு காரியம் செய்தது. நகர மையத்தின் பெரிய சாலைகளில் 45 மீட்டராக இருந்த உச்ச வரம்பை 31 மீட்டராகக் குறைத்தது. உள்தெருக்களில் 31 மீட்டரை 15 மீட்டராக்கியது. இருந்த உரிமையைக் குறைப்பது எந்த ஊரிலும் எளிதல்ல. அங்கே செய்தார்கள், பெரும்பாலும் நிலைத்தது.

ஆனால், கதை அதோடு முடியவில்லை. வீட்டு விலையைத் தாங்க முடியாமல் இளம் குடும்பங்கள் பக்கத்து ஊர்களுக்குக் குடிபெயர்வது அந்நகரின் பெருங்கவலை ஆனது. 2023-இல் வரம்பைத் தளர்த்தினார்கள். கோயில்கள் நிறைந்த பழைய மையத்தில் அல்ல. ரயில் நிலையத்துக்குத் தெற்கேயும் நகரின் விளிம்புகளிலும். உள்ளே காத்தால், வெளியே திறக்க வேண்டும் என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

மதுரையில் இந்த இரண்டாம் பாதிதான் நடக்கவில்லை. வட்டத்துக்குள் ‘கட்டாதே’ என்று சொல்லும் அரசு, வட்டத்துக்கு வெளியே ‘இங்கே கட்டு, இதோ தண்ணீர், இதோ பேருந்து’ என்று சொல்வதில்லை. மொத்த வியாபாரமும் குடோன்களும் பழைய நகரிலேயே அடைந்து கிடக்க, ஒரு காலத்தில் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் சரக்குமூட்டை அடுக்கும் அறைகளாகிவிட்டன. மாட்டுத்தாவணிக்குப் பேருந்து நிலையம் போனதுபோல மொத்த வியாபாரமும் முழுமையாக வெளியே போயிருந்தால், மாசி வீதியில் உயரத்துக்காக இவ்வளவு தள்ளுமுள்ளு இருந்திருக்காது.

கொடுத்து வாங்கிய ஊர்

இந்த ஊருக்குக் கொடுத்து வாங்குவது புதிதல்ல. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன், மதுரையைச் சுற்றியிருந்த கோட்டைச் சுவரை இடிக்க முடிவெடுத்தார். சுவரை இடித்து அகழியைத் தூர்க்கும் வேலையை ஏற்றவர்களுக்கு அங்கேயே மனை கிடைத்தது. கோட்டை இருந்த இடத்தில்தான் இன்றைய வெளி வீதிகள் ஓடுகின்றன. அந்த வேலையில் உடனிருந்த பெருமாள் மேஸ்திரியின் பெயரும் மாரட்டின் பெயரும் இன்றும் தெருப்பெயர்களாக நிற்கின்றன. ஊருக்குப் பொதுவாக ஒரு நன்மை வேண்டும். அதற்கு உழைப்பவருக்குத் தனியாக ஒரு பயன் வேண்டும் என்ற பேரம் அன்றே இங்கே நடந்திருக்கிறது.

இன்றைய பேரத்துக்கும் வழி இருக்கிறது. நகரமைப்பில் இதை மாற்றத்தக்க மேம்பாட்டு உரிமை என்பார்கள். ஒருவர் தன் மனையில் கட்ட முடியாத பரப்பைச் சான்றிதழாகப் பெற்று, ஊரின் வேறு பகுதியில் உயரமாகக் கட்டுபவருக்கு விற்கலாம். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் அடுக்குமாடி எழுப்பத் தடை விதிக்கப்பட்டபோது, இப்படி மாற்றிக்கொள்ளும் உரிமை உரிமையாளருக்கு இருப்பதையும் கருத்தில் கொண்டு அந்தத் தடை செல்லும் என்று 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மும்பையில் பாரம்பரியக் கட்டிடங்களுக்கு 1990-களிலேயே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. தமிழகத்திலும் சாலை போன்ற பொதுத் தேவைக்கு நிலம் விடுபவருக்கு இந்த உரிமை தரும் விதி இருக்கிறது. நிலத்தை விடுபவருக்குத் தருவதை, வானத்தை விடுபவருக்கும் தரலாம்.

மேலே சொன்ன இரண்டு சென்ட் கடைக்காரருக்கு 430 சதுர அடிச் சான்றிதழ். சுற்றுச்சாலையில் பத்து மாடி எழுப்புகிறவர் அதை விலை கொடுத்து வாங்கட்டும். ஒரே ஒரு நிபந்தனை: ஒன்பது மீட்டரைத் தாண்டிய கட்டிடத்துக்குச் சான்றிதழ் கிடையாது, கூடுதலை இடித்தால் உண்டு. அப்போதுதான் வரம்பை மதித்தவர் கையில் காசும், மீறியவர் வாசலில் கேள்வியும் வரும். அனுமதிக்கு மேல் கட்ட விரும்புவோரிடம் அரசு ஏற்கனவே பிரீமியம் எஃப்எஸ்ஐ கட்டணம் வாங்குகிறது. மதுரையில் அப்படி வசூலாகும் தொகையில் ஒரு பங்கைப் பழைய நகரின் மின்கம்பிக்கும் சாக்கடைக்கும், பழுதான வீடுகளைச் சீரமைக்கும் கடனுக்கும் ஒதுக்கலாம்.

இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, வட்டத்தை மட்டும் நம்பாமல் பார்வைக் கோடுகளையும் வரையறுக்க வேண்டும். லண்டனில் புனித பால் தேவாலயத்தின் குவிமாடம் தெரிய வேண்டிய இடங்களைக் குறித்து, அந்தக் கோட்டில் வரும் கட்டிடங்களுக்கு 1930-களின் இறுதியிலிருந்தே வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கஜம் வெளியே எழும் கட்டிடம்கூடப் பாலத்திலிருந்து கோபுரத்தை மறைக்க முடியும். மறுபுறம், எந்தப் பார்வைக்கும் குறுக்கே வராத மனையும் வட்டத்தின் விளிம்பில் இருக்கலாம். எங்கே இறுக்குவது, எங்கே ஒரு மாடி விடுவது என்பதை அளந்து சொல்ல வேண்டுமே தவிர, ஆளைப் பார்த்துச் சொல்லக் கூடாது. இரண்டு, வட்டத்துக்குள் உள்ள ஒவ்வொரு கட்டிடத்தின் உயரத்தையும் அளந்து, தெருவாரியாகப் பட்டியலிட்டு, மாநகராட்சி வாசலில் ஒட்ட வேண்டும். இன்றைய கருவிகளுக்கு அது சில வாரங்களில் முடிகிற வேலை. பட்டியல் வெளியே வந்தால், எவர் வாய்தா வாங்குகிறார், எவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும்.

வரம்பை எடுத்துவிடு என்பவர்களிடம் ஒரு வார்த்தை. கோயிலைப் பார்க்க வருகிறவர்களால்தான் உங்கள் லாட்ஜும் கடையும் நிறைகின்றன. சென்ட்டின் விலையை ஏற்றிவைத்திருப்பதே அந்தக் கோபுரம்தான். அதை மறைத்துக் கட்டுவது, கறவை மாட்டை விற்றுத் தீவனம் வாங்குவது போன்றது.

வரம்பைத் தொடாதே என்பவர்களிடமும் ஒரு வார்த்தை. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்கிறோம். அந்தப் புண்ணியத்தின் செலவு இதுவரை மாசி வீதிக் கடைக்காரர் சிலரின் கணக்கில் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. அதை ஊரின் பொதுக் கணக்குக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு கேளுங்கள் கணக்கு: பத்தாவது மீட்டர் ஏன் எழுந்தது என்று.